பத்து மெகாபைட்டுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம்

ஈப்போவில், ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், டயர் கடைக்கும் சீனன் காப்பிக்கடைக்கும் நடுவே உள்ள நகலெடுக்கும் கடையில் ஜெனட் வேலை பார்க்கிறாள். முன்பு அதே சாலையின் கோடியில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். அது மூடப்பட்டபோது பள்ளியில் கற்ற தட்டச்சு கைகொடுத்தது. இப்போது தட்டச்சு செய்யச் சொல்லி வருபவர்கள் குறைவு. தங்கள் கணினிக் கோப்பின் கனத்தைக் குறைக்கச் சொல்லி வருபவர்களே அதிகம். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், உதவித்தொகை கேட்பவர்கள், பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை அனுப்புபவர்கள் என எல்லாரையும் ஏதோ ஓர் இணையதளம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

"அக்கா ஒரு டயட் டாக்டர் லா," என்பான் கடை முதலாளி பவித்ரன். "யாரு வந்தாலும் இளைக்க வச்சு அனுப்பிருவாங்க."

ஜெனட் சிரிப்பதில்லை. இத்தனை காலத்தில் அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எழுத்துக்குக் கனம் கிடையாது. ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் தட்டச்சு செய்து வைத்தாலும், கைப்பேசியில் எடுத்த ஒரே படத்தின் கனத்துக்கு ஈடாகாது.

அவள் கணவன் கேப்ரியல், லூமுட்டிலிருந்து ஈப்போ சந்தைக்கு மீன் ஏற்றிவரும் லாரியை ஓட்டியவன். பிப்ரவரியில் ஒரு காலை, லாரியை ஓரங்கட்டி, இயந்திரத்தை அணைத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து வைத்துவிட்டு, இருக்கையிலேயே இறந்துபோனான். மீன் கெடவில்லை என்று துக்கத்துக்கு வந்த யாரோ சொன்னார்கள். தன்னை அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டுமென்று உயிரோடிருந்தபோது பலமுறை சொல்லியிருக்கிறான். அம்மா சவரியம்மா இருப்பது எட்டாங்கட்டைத் தோட்டத்துக் கல்லறையில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் நிலம் கைமாறியபோது, இனிப் புதிதாக யாரையும் அங்கே அடக்கம் செய்யக் கூடாது என்று வேலிக் கதவில் பலகை மாட்டிவிட்டார்கள். கேப்ரியல் ஈப்போவில், யாரென்று தெரியாத இரண்டு பேருக்கு நடுவே கிடக்கிறான்.

அடக்கம் முடிந்த மறுவாரமே ஜெனட் வேலைக்குத் திரும்பினாள். தைரியமான பெண் என்றார்கள். அது தைரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல், அவ்வப்போது தன்னை அழுத்திப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. சரி என்று அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

செப்டம்பரில் ஒரு மதியம், மத்தியாஸ் அண்ணன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கடைக்குள் வந்தார். கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேப்ரியலோடு ஒரே தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர். இப்போது எட்டாங்கட்டைக் கல்லறைக் குழுவின் செயலாளர். ஜெபமாலையோடு சேர்த்துக் கோத்திருந்த பென்டிரைவைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, காப்பாத்து. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும். இல்லன்னா கல்லறையெல்லாம் போச்சு."

விஷயம் சுருக்கமானது. புதிய நில உரிமையாளர் எலும்புகளை வேறிடத்துக்கு மாற்ற அனுமதி கேட்டிருந்தார். மறுப்புத் தெரிவிப்பவர்கள் ஒரே ஆவணமாக, ஒவ்வொரு கல்லறையின் படத்தோடும் பெயரோடும், இணையதளம் வழியாக அனுப்ப வேண்டும். கல்லில் உள்ள பெயர் படிக்கத் தெரிய வேண்டும். படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது. கோப்பு பத்து மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. ஆவணத்தில் இடம்பெறாத கல்லறைகள் உரிமை கோரப்படாதவையாகக் கருதப்படும்.

ஜெனட் கோப்பைத் திறந்து அளவைப் பார்த்தாள். எண்பதைத் தாண்டியிருந்தது.

"நானும் விடல," என்றார் மத்தியாஸ். "ஒவ்வொரு படத்தையும் மூலையில புடிச்சி தீப்பெட்டி சைஸுக்கு இழுத்தேன். எழுத்தக்கூட சின்னதாக்கிப் பார்த்தேன். கொறைய மாட்டேங்குது. சூசா லா, ரொம்பக் கஷ்டம்!"

"இழுத்தா கண்ணுக்குத்தான் அண்ணே சின்னது. உள்ள அப்படியேதான் இருக்கும்."

முதலில் கோப்போடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருந்த தமிழ் எழுத்துருவை நீக்கினாள். கொஞ்சம் குறைந்தது. பிறகு ஒரு படத்தைத் தொட்டாள். வெட்டும் கருவியைச் சொடுக்கியதும், சிலுவையின் இருபுறமும் மங்கலாக ஒரு குடும்பம் எழுந்து நின்றது. ஒரு கிழவர், குடை பிடித்த பெண், கையில் மெழுகுவர்த்தியோடு இரண்டு சிறுமிகள்.

"ஆளுங்களை எல்லாம் வெட்டிட்டீங்களா?"

"வெட்டாம? ஆபீஸ்ல கூடாதுன்னுட்டாங்க. நம்ம ஆளுங்க கல்லறைய மட்டும் என்னிக்கு போட்டோ புடிச்சாங்க? கல்லறைத் திருநாளுக்குப் போறது, புல்லு வெட்றது, மெழுவத்தி கொளுத்துறது, அப்புறம் சுத்தி நின்னு பல்லக் காட்றது. நம்ம பத்துமலை குடும்பத்தப் பாரு, படையல் எலையோட நிக்கிறாங்க. அதான் ஒவ்வொண்ணா வெட்டுனேன். ரெண்டு ராத்திரி."

வெட்டியவர் யாரையும் வெளியேற்றவில்லை. மறைத்து மட்டுமே வைத்திருந்தார். சிலுவைகளுக்கும் சூலங்களுக்கும் அக்கம்பக்கத்தில், கல்லறைத் தோட்டத்தின் உயிரோடிருக்கும் சனங்கள் அத்தனை பேரும் அந்தக் கோப்புக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கனம்தான் அது.

இதற்கு வழி எளிது. எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் சுருக்கலாம். வெட்டிய ஓரங்களையும் அதே கட்டளையில் நிரந்தரமாக நீக்கலாம். பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்வது அவள் வழக்கம் என்பதால், பக்கங்களை நகர்த்தினாள். பாதிக்கு மேல் போனதும் சவரியம்மாவின் கல் வந்தது. பாசி தின்ற சிமெண்டுக் கல். எழுத்து அரைகுறையாகத் தெரிந்தது.

"இந்தப் படம் எப்படி வந்துச்சு?"

"கேப்ரியல்தான் அனுப்புனான். போன வருசத் திருநாளுக்கு எடுத்தது. வாட்சாப்புல சாதாரணமா அனுப்பல, ஒரிஜினலா அனுப்பினான். அவன் எதையும் கொறைச்சி அனுப்ப மாட்டான்ல."

ஜெனட் கருவியைச் சொடுக்கினாள்.

கல்லுக்கு வலப்புறம் கேப்ரியல் நின்றான். வெள்ளைச் சட்டை. ஒரு கையில் புல் வெட்டும் கத்தி, மறுகையை அம்மாவின் கல்மேல் ஊன்றியிருந்தான். கண் கூசியதால் முகம் சுருங்கியிருந்தது. அன்று தொழிற்பேட்டையில் யாருக்கோ அவசரத் தட்டச்சு இருந்ததால் அவள் போகவில்லை. படத்தை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அவள் தன்னை அழுத்திப் பார்த்தாள். வழக்கம்போல் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

மத்தியாஸ் வாசலில் நின்று பவித்ரனிடம் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனட் முழுக்கோப்புக்கும் ஒரு நகல் எடுத்துக் கணினியில் தன் பெயரில் உள்ள இடத்தில் வைத்தாள். இனி எதையும் இழக்கப்போவதில்லை. ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். கை அந்தக் கட்டளை வரை போயிற்று. நகல் போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் போதவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தில் குறியிட்டு, முதல் கல்லறையிலிருந்து ஒவ்வொன்றாகச் சுருக்கத் தொடங்கினாள்.

மத்தியாஸ் வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். "ஒவ்வொண்ணாவா? மொத்தமாச் செய்ய முடியாதா?"

"முடியும்."

"அப்புறம் ஏன் தங்கச்சி?"

"எழுத்து தெரியணும்ல அண்ணே. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. குடை பிடித்த பெண் போனாள். மெழுகுவர்த்திச் சிறுமிகள் போனார்கள். பத்துமலை வீட்டார் இலையோடு போனார்கள். ஒவ்வொருவரையும் நீக்கும்போது அவள் எதையும் உணரவில்லை. சவரியம்மாவின் பக்கம் வந்ததும் படத்தைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

எல்லாம் முடிந்து சேமித்தபோது கோப்பு பத்தைச் சற்றே தாண்டி நின்றது. இணையதளம் சிவப்பில் மறுத்தது. சுவர்க் கடிகாரம் நாலரையைக் கடந்திருந்தது.

"ஐயோ, இன்னும் எங்க கனம் இருக்கு?" மத்தியாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பெற்றோரும் தம்பியும் அந்தக் கோப்பில்தான் இருந்தார்கள். "ஜெனட்டு, எதையாச்சும் பண்ணு."

எங்கே கனம் என்று ஜெனட்டுக்குத் தெரியும். அந்தப் படத்தின் தெளிவைக் குறைத்தால் பாசிக்கல்லின் பெயர் போய்விடும். ஓரத்தை நீக்கினால் பெயர் நிற்கும், கோப்பும் ஏறும், கேப்ரியல் போய்விடுவான். அவள் முதல் பக்கத்துக்கு உருட்டினாள். அங்கே, இன்னும் சுருக்கப்படாமல், தோட்டத்துச் சிற்றாலயத்தின் அந்தோணியார் சொரூபம், பக்கம் முழுக்கப் பளபளத்தது.

"அட்டைப் படம்," என்றாள்.

"அதுவா? அது புனிதர்லா!"

"அவங்க அட்டையைக் கேக்கல அண்ணே."

"ஆலயத்தை இடிக்கறதுக்கு முன்னால எடுத்தது அது. அவரில்லாம எப்படி? எங்கப்பா தூக்கிட்டு வந்த சொரூபம்..." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "வேற வழியே இல்லியா? சுருக்கிப் பார்க்கலாமே?"

சுருக்கினால் போதாது என்று அவள் சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. "நேரம் இல்லண்ணே," என்றாள். அது மட்டும் முழு உண்மை.

மத்தியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, எடு."

அவள் அந்தோணியாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோட்டத்தின் பெயரைத் தட்டச்சு செய்தாள். சேமித்தாள். ஒன்பதும் சில்லறையும். கோப்பைத் தளத்தில் ஏற்றியபோது நீலக் கோடு மெல்ல நகர்ந்து, நடுவில் ஒருமுறை நின்று, மறுபடி நகர்ந்து முடிந்தது. பெற்றுக்கொண்டோம் என்ற அறிவிப்பும் ஒரு பதிவெண்ணும் வந்தன. அதை அச்செடுத்து அவரிடம் கொடுத்தாள்.

மத்தியாஸ் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் போயிட்டாங்களா உள்ள?"

"எல்லாரும் போயிட்டாங்க."

"அந்தோணியாரு ஒருத்தர்தான் வெளிய." பென்டிரைவை ஜெபமாலையில் கோக்கப் பார்த்தார், வளையம் மாட்டவில்லை. ஜெனட் வாங்கி மாட்டிக்கொடுத்தாள். "கோவிச்சுக்குவாரோ?"

"மாட்டாரு அண்ணே. காணாமப் போனதை எல்லாம் அவர்தானே தேடிக் குடுக்கிறாரு."

இந்த வார்த்தை தன்னிடம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மத்தியாஸ் சிரித்துவிட்டு மழைக்கு முன் கிளம்பினார்.

நில அலுவலகத்தில் யாரோ ஓர் அதிகாரி நாளையோ அடுத்த மாதமோ அந்தக் கோப்பைத் திறப்பார். சவரியம்மாவின் பக்கத்தில் அவருக்குத் தெரியப்போவது பாசி படிந்த ஒரு கல் மட்டும்தான். வெட்டும் கருவியைச் சொடுக்கிப் பார்க்க அவருக்குக் காரணம் இருக்காது. அதற்குள் அம்மாவுக்குப் பக்கத்தில், கண் கூச, கேப்ரியல் நின்றுகொண்டிருப்பான்.

ஜெனட் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றான் பவித்ரன், "இந்தப் பிள்ளைக்கு சுயவிவரம் ஏறலையாம். படம் பெருசாம்."

"குடுக்கச் சொல்லு," என்றாள்.