கேட்டைச் சாத்திவிட்டு மாற்றிய பிரேக்

ஞாயிறு காலையில், சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள தம்போயில் எங்கள் தெருவழியே நடந்தால் காருக்கு அடியிலிருந்து நீளும் ஆண்களின் கால்களைத்தான் அதிகம் பார்க்கலாம். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து யாராவது எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். கேட் திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே உள்ளே வந்து குந்துவார், ஸ்பேனரை எடுத்து நீட்டுவார். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. கோயம்புத்தூரில் நான் பொறியாளன்தான், ஆனால் என் கார் சக்கரத்தை நானே கழற்றியதில்லை. மெக்கானிக் வந்து சாவி வாங்கிப் போவார், மாலையில் வண்டியைக் கொண்டுவந்து விடுவார். நானே வாசலில் கரியைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வேலை போய்விட்டதோ என்று அக்கம்பக்கம் விசாரித்திருக்கும்.

இரண்டு வருடமாக இங்கே தனியாக இருக்கிறேன். வரும் சனிக்கிழமை மனைவி கவிதாவும் எட்டு வயது மகள் யாழினியும் பள்ளி விடுமுறைக்கு வருகிறார்கள். "வந்து பாக்கறோம். பிடிச்சா இருக்கறோம், இல்லைன்னா நீங்க கிளம்பி வந்துருங்க" என்று கவிதா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். யாழினி இப்போதெல்லாம் போனில் "ம்" மட்டும்தான் சொல்கிறாள். அவள் வைத்த பிறகு வீட்டில் ஃபேன் ஓடும் சத்தம் அதிகமாகக் கேட்கும். இந்த நேரம் பார்த்துக் காரின் முன் பிரேக் கிறீச்சிடத் தொடங்கியது. நோன்புப் பெருநாள் விடுமுறை, பட்டறைகள் அடைப்பு. பக்கத்து ஊரான ஸ்கூடாயில் திறந்திருந்த ஒரே கடையில் பிரேக் பேட் மட்டும் கிடைத்தது.

போனில் வீடியோ பார்த்துக்கொண்டு ஞாயிறன்று வேலையில் இறங்கினேன். முதல் காரியமாகக் கேட்டைச் சாத்தித் தாழிட்டேன். ஊர்ப் புத்தி எங்கே போகும்? ஜாக் போட்டு, சக்கரம் கழற்றி, பழைய பேட்டை உருவினால் தகடு மாதிரி தேய்ந்திருந்தது. பேடை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்பு வைத்து உள்ளே தள்ளிப் புதியதைப் பொருத்தினேன். இரண்டு பக்கமும் முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கவிதாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை.

கேட்டைத் திறந்து காரைப் பின்னால் எடுத்தேன். எங்கள் வாசல் சரிவானது. பிரேக்கை அழுத்தினால் பெடல் தரைவரை போனது, கார் நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எதிர்வீட்டுக் கேட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றது.

கேட்டுக்கு உள்ளே தனபாலன் நின்றிருந்தார். சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போகிறவர். எங்களுக்குள் இதுவரை தலையாட்டல் மட்டும்தான். கர்வக்காரர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"பெடல பம்ப் பண்ணலியா தம்பி?" என்றார். "பிஸ்டன உள்ள தள்ளுனா, வண்டிய எடுக்குமுன்ன பம்ப் பண்ணணும்லா."

அது எனக்குத் தெரியாது.

"சத்தம் கேட்டுச்சு, வரலாம்னுதான் பாத்தேன். நீங்க கேட்ட சாத்திட்டீங்க. ஊர்லேர்ந்து வந்தவரு, நம்மகூடப் பழக மாட்டாருன்னு வீட்ல பேசிக்குவோம்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நானே தாழிட்டு வைத்திருந்தேன்.

அவர் சொன்னபடி பெடலை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதித்தேன். பத்தாவது மிதிக்கு, பிஸ்டன் மறுபடி பேடில் வந்து முட்ட, பெடல் காலை எதிர்த்து நின்றது. பிரேக் எண்ணெயின் அளவைப் பார்த்துவிட்டு, "வாங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். இந்தக் காரில் அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில், "இப்ப அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். கார் சட்டென்று நின்றது. அதற்குள் என் இடது கை தானாக நீண்டு அவர் மார்பின் குறுக்கே தடுத்திருந்தது. ஊரில் யாழினி முன்னால் உட்காரும்போதெல்லாம் அப்படித்தான் நீட்டுவேன். வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் கரியாகப் பதிந்துவிட்டன.

தனபாலன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளைங்க ஊர்ல இருக்காங்களா?"

"சனிக்கிழமை வர்றாங்க."

"இங்கயே இருந்துருவாங்கல்ல?"

"வந்து பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். கையை அவர் மார்பிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.