வைரவர் காட்டுக்குள் நடந்த வேலி

வைரவர் காட்டை ஒருவரும் வெட்டவில்லை என்று எங்கள் ஊரில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வார்கள். செய்யட்டும். காட்டைத் தின்றது கோடாலி அல்ல, வேலி. அந்த வேலியை அடைக்க மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் என் தம்பி தம்பிஐயா. அதற்காக அவனை விசரன், பைத்தியக்காரன் என்றார்கள். அவனைப் பற்றி அவர்கள் எழுதப்போவதில்லை. நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாவகச்சேரிக்குத் தெற்கே, பரவைக்கடல் ஓரம். அந்தக் கடலுக்கு ஆழமில்லை. மாரியில் நிறையும்; வைகாசி பிறந்தால் வற்றி, தரையில் உப்புப் பூக்கும். அதே நேரத்தில்தான் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி அந்த உப்பை அள்ளிக்கொண்டு வரும். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் நின்று அதைத் தன் முகத்தில் வாங்கியது கோவில் காணியான வைரவர் காடு. மேலே பாலை, வீரை, நாவல் மரங்கள். கீழே காரைப் பற்றையும் ஈச்சம் பற்றையும். நடுவில் கல்லில் நட்ட ஒரு சூலம், அதன் முன்னால் ஒரு அகல் விளக்கு. வெள்ளிக்கிழமைகளில் தம்பிஐயா கொளுத்துவான். எவ்வளவு சோளகம் அடித்தாலும் அங்கே சுடர் ஆடாது.

அவனுக்குத் தொழில் வேலி அடைப்பது. மாரி முடிந்து பங்குனி வந்தால் ஊர் முழுவதும் அவனைத் தேடும். பூவரசந் தடியைக் கதியாலாக நட்டு, குறுக்குத் தடி வைத்து, பனங் கருக்குமட்டையை நிரைத்துக் கயிற்றால் வரிவது தனி ஆளால் ஆகாது. வெளியே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் குத்த, உள்ளே நிற்பவர் வாங்கி, தடியைச் சுற்றித் திருப்பிக் குத்த வேண்டும். வெளியே அவன், உள்ளே நான். அவன் வரிந்த வேலிக்குள்ளால் பாம்பு போகாது என்பார்கள். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அது உண்மை.

காட்டை ஒட்டி, வீடும் தோட்டமுமாக ஐந்து வளவுகள். பெரியது முத்துக்குமாருவுடையது. கோவில் நிர்வாகம் அவர் கையில் இருந்ததால் எல்லோரும் மணியம் என்றே கூப்பிடுவார்கள். எண்பத்துநாலாம் ஆண்டு பங்குனியில் அவர்தான் முதலில் சொன்னார்.

"தம்பிஐயா, கதியாலை ஒரு முழம் தள்ளிப் போடு. பழைய குழி இளகிப்போச்சு."

"குழியை இறுக்கித் தாறன் மணியம். தள்ளிறதெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

வேறு ஆள் வந்தான். முழம் போனது. அடுத்த வருடம் மற்ற நாலு வளவுக்காரரும் தங்கள் வேலியை நகர்த்தினார்கள். எண்பத்தேழில் சண்டை வந்து ஊர் ஓடியது. திரும்பி வந்தபோது வேலிகள் எரிந்திருந்தன. புது வேலிகள் ஒரே எட்டில் பத்து முழம் உள்ளே எழும்பின. மனிதர்கள் செத்தவரை எண்ணிக்கொண்டிருந்த கிழமையில் இவர்கள் நிலம் அளந்தார்கள்.

வளவுக்குள் அகப்பட்ட மரம் ஒரு வருடத்தில் பட்டுப்போகும். அடியில் பட்டையை வளையமாகச் சீவினால் படாமல் என்ன செய்யும்? பட்ட மரத்தை விறகாக்குவது குற்றமா என்று கேட்பார்கள். ஆனால் ஒன்றை மறந்துபோனார்கள். பூவரசங் கதியால் மண்ணில் வேர்விடும். வேலி முன்னால் போனாலும் பழைய கதியால் தழைத்து, மரமாகி, நட்ட இடத்திலேயே நிற்கும். அந்த வளவுகளுக்குள் போய்ப் பாருங்கள். பூவரசு நிரை நிரையாக நிற்கும். வீட்டுக்குக் கிட்ட உள்ள கடைசி நிரை எங்கே நிற்கிறதோ, களவு அங்கே தொடங்கியது.

எண்பத்தெட்டு ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை தம்பிஐயா முகம் கறுத்து வந்தான்.

"அக்கா, விளக்கு நிக்குதில்லை. மூண்டு தரம் கொளுத்தினன்."

"எண்ணெய்க்குள்ளை தண்ணி கிண்ணி..."

"எண்ணெய் நல்ல எண்ணெய். காத்து நடுக்காட்டுக்குள்ளை வந்திட்டுது. கீழை பார்த்தன், பாலை மரக் கண்டு ஒண்டும் இல்லை. முளைக்கிறது எல்லாம் காய்ஞ்சு கருகிக் கிடக்கு. நிக்கிற மரம் நிக்கும். செத்தால் பதிலுக்கு ஒண்டும் வராது. பிறகு உப்புக் காத்து நேரை எங்கடை மிளகாய்த் தோட்டத்துக்குத்தான்."

"வேலியைப் பின்னுக்கு எடுத்தால் வருமோ?"

"இப்ப எடுத்தால் வரும். இன்னும் கொஞ்சம் ஒடுங்கினால், கடவுள் வந்தாலும் வராது."

கோவில் கூட்டத்தில் இதையே சொன்னான். முத்துக்குமாரு வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"வேலி கட்டுறவனுக்குக் காத்துச் சாத்திரமும் தெரியுமாம்!"

"ஓம் மணியம். காத்திலை மட்டை பிய்ஞ்சால் என்னைத்தானே கூப்பிடுறியள்."

சபை சிரித்தது. ஆனால் விளக்கு அணைந்தது என்றதும் பயம் பிடித்துக்கொண்டது. வைரவருக்குக் கோபம் என்று முடிவு கட்டினார்கள். யாரில் கோபம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுடரை மறைக்க ஒரு ஜாம் போத்தலைக் கவிழ்த்தார்கள். அது வெடித்தது. தொண்ணூற்றொன்றில், பொருளாதாரத் தடையால் வீடு திருத்தவும் ஒரு பிடி சீமெந்து அகப்படாத காலத்தில், முத்துக்குமாரு ஒளித்து வைத்திருந்த சீமெந்தை வெளியே எடுத்தார். வைரவருக்குக் கதவு வைத்த அறை எழும்பியது. சூலத்தைப் பெயர்த்து உள்ளே வைத்தார்கள்; பழைய கல் வெளியே கிடந்தது. அறைக்கு இடம் வேண்டுமென்று, நடுவில் மிஞ்சி நின்ற மூன்று வீரை மரங்களைத் தறித்தார்கள். அந்த மூன்றையும் நான் மன்னிக்க மாட்டேன்.

"பாத்தியோடா? இப்ப சுடர் அசையுதோ?" என்றார் முத்துக்குமாரு.

"நாய் குலைக்குதெண்டு நாயின்ரை வாயைக் கட்டிப்போட்டியள், மணியம். கள்ளன் உள்ளைதான் நிக்கிறான்."

வைரவரின் வாகனம் நாய். அந்தச் சொல் ஊரைச் சுட்டது. அதற்குப் பிறகு அவனை வேலிக்குக் கூப்பிடுவது நின்றது. கூரை வேய்வதற்குப் பனை ஓலை மிதிக்கக் கூலிக்குப் போனான். கடற்கரைப் பக்கம் காற்றை மறிக்கப் பூவரசு நட்டான். அதையும் வளவுக்காரர் வீட்டு ஆடுகளே கடித்தன. தொண்ணூற்றுநாலில் மிளகாய்க் கன்றுகள் இலை ஓரம் வெளுத்துச் சுருண்டன. தொட்டு நக்கினால் உப்பு. "உரம் வராததாலை" என்றார்கள். தங்கள் களவுக்கும் பழி போட அவர்களுக்குத் தடை ஒன்று கிடைத்திருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணப் பக்கத்து வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்தது. பள்ளிக்கூடங்களும் கோவில்களும் நிரம்பி, சனம் வைரவர் காட்டுக்குள்ளும் வந்து இருந்தது. பானை இருந்தது, அரிசி இருந்தது, விறகு இல்லை.

முத்துக்குமாரு கோடாலியோடு வந்தார்.

"பாவம் சனம். வெட்டி எரியுங்கோ. கோடாலி நான் தாறன்."

அவர் வாழ்நாளில் கொடுத்த முதல் தானம். காட்டை அகதி வெட்டினான் என்று இருந்தால் பிறகு காணியைக் கேட்க யார் இருக்கிறார்கள்? கோடாலியை வாங்கியவள் பத்மாசினி, நல்லூர்ப் பக்கத்துப் பெண், இடுப்பில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை. தம்பிஐயா அவளை மறித்தான்.

"தங்கச்சி, உது பச்சை மரம். மழையிலை ஊறினது. புகைதான் வரும். காய்ஞ்ச மட்டை உங்கை நிக்குது, பாருங்கோ." வேலியைக் காட்டினான். "வெளிப்பக்கம்தான் ஈரம். உள்மட்டை பத்தும். கோவில் காணிக்குள்ளை நிக்கிறது. பிடுங்குங்கோ."

கத்தியை எடுத்து முதல் கட்டைத் தானே அறுத்தான். பிறகு நூறு கைகள். ஐந்து வளவு வேலியும் அன்று பின்னேரத்துக்குள் அடுப்புக்கும், கூடாரத் தடிக்கும் போயின.

"என்ரை வேலியடா!" முத்துக்குமாரு குதித்தார்.

"உங்கடை வேலி அங்கை நிக்குது, மணியம்." வளவின் உள்ளே கடைசிப் பூவரசு நிரையைக் காட்டினான். "அதிலை ஆரும் கை வைக்கேல்லை."

"வழக்குப் போட்டு உன்னைக் கோட்டுக்கு இழுக்கிறன் பார்!"

பத்மாசினி ஊதிக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஐயா, கோட்டுக்குப் போற வழி முழுக்க எங்கடை சனம்தான் படுத்திருக்குது. மிதிக்காமல் போங்கோ."

சனம் வாய்விட்டுச் சிரித்தது. இடம்பெயர்ந்து வந்தபின் அவர்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மீட்ட நிலம் வெறும் மிளகாய்ப் பாத்தி. பாலை அங்கே எங்கள் காலத்தில் வராது. அறைக்கு அடியில் கிடக்கும் வீரை வேர்களும் துளிர்க்காது. போனதில் பாதி போனதுதான். தம்பிஐயா அந்தப் பாத்திகளில் பூவரசு நடுகிறான். அதன் நிழலில் நாவல் விதை போடுகிறான். மாலையில் அகலை அறைக்கு வெளியே, பழைய கல்லில்தான் வைக்கிறான். வைகாசிச் சோளகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மார்கழியில் முத்துக்குமாரு எங்கள் வாசல் படலைக்கு வந்தார். கன்றுகாலிகள் தோட்டத்துக்குள் புகுந்து மேய்ந்ததாம். வேறு ஒருவரும் அடைக்க வரவில்லையாம்.

"எங்கை போடுறது, மணியம்?"

அவர் படலையைத் திறந்து வழி விட்டார். தம்பிஐயா கயிற்றை எடுத்துக்கொண்டு கடைசிப் பூவரசு நிரைக்குப் போனான். புதுக் கதியால் ஒன்றும் நடவில்லை. வேரோடி மரமாகி நிற்கும் அந்தப் பூவரசுகளிலேயே குறுக்குத் தடியை ஆணி வைத்து அடித்தான். அந்த வேலி இனி ஒரு விரல் நகராது.

நான் உள்ளே போகக் காலெடுத்தேன்.

"நீ இரு, அக்கா," என்றான்.

குத்தூசியை மட்டைக்குள்ளால் குத்தினான். மறுபுறம் முத்துக்குமாரு நின்றார். கொஞ்ச நேரம் ஊசி அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் கை அதை உள்ளே வாங்கியது.

"இறுக்கி இழுத்துப் பிடியுங்கோ, மணியம்," என்றான் என் தம்பி.