பூர்ணிமா அக்கா எழுதும் பேட்டிங் ஆர்டர்

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் லீக் ஆட்டம் தொடங்கும். டென்னிஸ் பந்து, பன்னிரண்டு ஓவர், ஒரு பக்கம் பத்துப் பேர். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆபீஸ் கிளார்க், எலெக்ட்ரீஷியன், ஆட்டோ ஓட்டுபவர், காலேஜ் லேப் உதவியாளர் என்று எல்லாரும் கலந்து இருப்போம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் கிரிக்கெட்.

பூர்ணிமா அக்கா இந்த மைதானத்துக்கு வந்தது ஸ்கோர் எழுதுவதற்காக. அவர் கணவர் ராஜவேல் எங்கள் அணியில் ஆடுகிறார். வழக்கமாக எழுதிக்கொண்டிருந்தவர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனபோது, "எங்க வீட்ல எழுதுவாங்க. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று ராஜவேல்தான் அழைத்து வந்தார். அக்கா சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் ஒரு நீளமான நோட்டை வைத்துக்கொண்டு, ஒரு பந்து விடாமல் எழுதுவார். இரண்டு சீசன் வரை அவர் பேசி நாங்கள் கேட்டதே குறைவு.

எங்கள் கேப்டன் ஜானகிராமன் நல்ல மனிதர். ஆனால் பேட்டிங் என்று வந்துவிட்டால் முதலில் இறங்குவது அவர்தான். இரண்டாவது அவர் மச்சான். மூன்றாவது, அன்று யார் சத்தம் போட்டுக் கேட்கிறார்களோ அவர். என்னைப் போன்றவர்கள் பன்னிரண்டு ஓவர் வெயிலில் பந்து பொறுக்கிவிட்டு, மட்டையைத் தொடாமலே திரும்பி வருவோம். இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மூன்று பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிறு மைதானத்தில் நாங்கள் எட்டுப் பேர்தான் நின்றோம். ஜானகிராமன் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா நோட்டைப் புரட்டினார். "ஆரோக்கியம் அண்ணன் இந்த சீசன்ல எத்தனை பந்து ஆடியிருக்காரு தெரியுமா?" என்று கேட்டார்.

"எத்தனை?"

"பதினாலு. ஒம்பது மேட்ச்ல பதினாலு பந்து. நீங்க இருநூத்தி ஆறு."

"ஜெயிக்க வேணாமாம்மா?"

"ஒம்பதுல எத்தனை ஜெயிச்சோம்?"

இரண்டு. ஜானகிராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நீயே ஆர்டர் எழுதும்மா. பாக்கலாம்" என்றார் கிண்டலாக.

அக்கா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, எழுதுறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஒரே கேள்விதான்: "எந்தப் பந்துன்னா உங்களுக்கு பயம்?" எந்தப் பந்தை நன்றாக அடிப்பாய் என்று கேட்டிருந்தால் ஆளாளுக்கு அளந்து விட்டிருப்போம். பயத்தைப் பற்றி எங்களை யாரும் கேட்டதில்லை. மூஞ்சிக்கு எகிறி வரும் பந்து என்றால் கண்ணை மூடிக்கொள்வேன் என்று, என் மனைவியிடம்கூடச் சொல்லாததை நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆறு ஓவர் போனா பந்து நைஞ்சு போயிரும். அவ்வளவு எகிறாது. அஞ்சாவதா போங்க" என்றார். அந்த ஞாயிறு ஐந்தாவதாகப் போய்ப் பதினேழு ரன் எடுத்தேன். அதுவரை என் அதிகபட்சம் ஆறு.

அவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. போன வாரம் பந்தே கிடைக்காதவர் இந்த வாரம் முதல் நான்கு பேருக்குள் வருவார். கேப்டனாக இருந்தாலும் சரி, ராஜவேலாக இருந்தாலும் சரி, இந்த விதியில் மாற்றம் கிடையாது. ராஜவேல் முன்பு நான்காவதாக ஆடிக்கொண்டிருந்தவர். அக்கா அவரை ஏழாவதுக்கு இறக்கினார். வீட்டில் இரண்டு நாள் மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

ஆரோக்கியம் மட்டும் அக்கா கேட்டபோது பதில் சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்துநாலு வயது. ரெட்டியார்பாளையத்தில் கதவு, ஜன்னல் செய்யும் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து, சுகாதார நிலையத்தில் மருந்து வரிசை முடியும்வரை ஓரமாகக் காத்திருந்துவிட்டு அக்காவின் ஜன்னலுக்கு வந்திருக்கிறார்.

"எல்லாப் பந்தும்தாம்மா பயம். வலது கண்ணு மங்கலாயிருச்சு. சாயந்திரம் பெத்தாங்க் ஆடுறோம் இல்ல, நான் வீசுன இரும்புக் குண்டு எங்க விழுந்துச்சுன்னு அடுத்தவன் சொல்ல வேண்டியிருக்கு. ஜானகிகிட்ட சொல்லிடாத. டீம்லேருந்து எடுத்துடுவான்."

"கிரிக்கெட்ட விடுங்கண்ணே. பட்டறையில மெஷின் ரம்பம் யாரு ஓட்டுறது?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அக்கா அன்றே கண் டாக்டருக்குச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்து, கூடவே போய், அடுத்த வாரத்திலேயே புரை நீக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வந்தார். ஆரோக்கியம் வராத ஞாயிறுகளில் நாங்கள் விசாரித்தால், "வேலையா இருக்காரு, வந்துருவாரு" என்பதோடு சரி. பட்டியலில் அவர் பெயரை மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த ஆரோக்கியமே எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதன் பிறகுதான் அக்காவிடம் சொன்னது அக்காவிடமே இருக்கும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

புது ஆர்டரில் நாங்கள் தொடர்ந்து ஜெயித்தது மற்ற அணிகளின் கண்ணிலும் பட்டது. காலாப்பட்டு அணியின் கேப்டன் அலெக்சாண்டர் ஒரு நாள் மரத்தடிக்கே வந்துவிட்டார். யுனிவர்சிட்டியில் டிரைவராக இருக்கிறவர். "எங்களுக்கும் எழுதிக் குடுங்கக்கா. எங்க பசங்க ஆர்டருக்கே அடிச்சுக்குறானுங்க" என்றார்.

ராஜவேல் குறுக்கிட்டார். "எதிர் டீமுக்கா?"

"மருந்து வாங்க வர்றவங்கள நீ எந்த ஊருன்னு கேட்டா குடுக்குறேன்?" என்றார் அக்கா.

அந்த சீசன் முடிவதற்குள் லீக்கின் ஆறு அணிகளுக்கும் அவர்தான் எழுதினார். அறுபது பேர் எந்தப் பந்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது அந்த ஒரு பெண்மணிக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை அணிக்கொரு பட்டியல் அந்தந்தக் கேப்டனின் போனுக்குப் போகும். ஒரு அணியின் பட்டியல் இன்னொரு அணிக்குப் போனதாக ஒரு பேச்சு வந்ததில்லை.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் காலாப்பட்டுக்கும். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் நடந்ததை ராஜவேலே பிறகு எங்களிடம் சொன்னார்.

"அலெக்சாண்டருக்கு எந்தப் பந்து ஆகாது? ஒரே வார்த்தை சொல்லு போதும்" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எந்தப் பந்து ஆகாதுன்னு அவங்களும் கேக்குறாங்க. சொல்லட்டுமா?"



மறுநாள் கடைசி இரண்டு ஓவரில் எங்களுக்குப் பத்து ரன் வேண்டியிருந்தது. ராஜவேல் இரண்டு பவுண்டரி அடித்து மைதானத்தையே எழுப்பிவிட்டார். இன்னும் ஒரு ரன் எடுத்தால் சமம், இரண்டு எடுத்தால் கோப்பை. கடைசி ஓவரைப் போட வந்த அலெக்சாண்டர், முதல் பந்தையே மிக மெதுவாகத் தூக்கிப் போட்டார். ராஜவேல் அவசரப்பட்டு மட்டையைச் சுற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது. ஸ்டம்ப் சாய்ந்தது. அவர்தான் எங்கள் கடைசி விக்கெட்.

அவர் பயந்தது அந்தப் பந்துக்குத்தான். "இது அவ ஒருத்திக்குத்தான் தெரியும்" என்று என்னிடம் முணுமுணுத்தார். ராஜவேல் மரத்தடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

அக்கா ஸ்கோரை எழுதி முடித்து, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எனக்குத் தாங்கவில்லை. "நீங்க சொல்லலைன்னு அவருகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"கேட்டா சொல்லுவேன். கேக்காம போறவர்கிட்ட இன்னா சொல்றது?" என்றார். நான் வண்டியில் விடுகிறேன் என்றதற்கு, "பக்கந்தான், நடந்தே போறேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தார். கலங்கியிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நடை மாறவில்லை.

நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. வியாழக்கிழமை அலெக்சாண்டர் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கதவைத் திறந்த ராஜவேலிடம் அவரே ஆரம்பித்தார்.

"அண்ணே, அக்காகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன். ஃபைனலுக்கு முன்னாடி மூணு வாட்டி போன் பண்ணி, உங்க ஆளுங்களுக்கு எந்தப் பந்து ஆகாதுன்னு கேட்டுட்டேன். மூணாவது வாட்டி, இன்னொரு தடவ கேட்டா உங்க டீமுக்கே எழுத மாட்டேன்னுட்டாங்க. தப்புதாண்ணே."

ராஜவேல் கதவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "அப்ப எனக்கு மட்டும் எப்படி அவ்வளவு ஸ்லோவா போட்ட?"

"உங்களுக்கு மட்டுமா? எனக்கு வேற பந்து போட வராதுண்ணே. தோள்பட்டை போயி ரெண்டு வருஷமாச்சு."

அன்று மாலை அக்கா வந்ததும் ராஜவேல் என்ன சொன்னார், அக்கா என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவர் விஷயம். ஆனால் அடுத்த ஞாயிறு நட்பு ஆட்டம் தொடங்குவதற்கு முன் ராஜவேல் எங்கள் எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு, அக்கா முன்னாலேயே முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "நான் நம்பல. தப்பு எம்மேலதான்" என்று முடித்தார். அக்கா நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "டாஸ் போடுங்க, நேரமாச்சு" என்றார்.

இப்போது லீக்கில் ஒன்பது அணிகள். நின்றுபோன மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஜானகிராமன் ஆறாவதாக இறங்கி, முன்பைவிட நிம்மதியாக ஆடுகிறார். போன மார்ச்சில் வீட்டுப் பெண்களும் சுகாதார நிலையத்து நர்ஸ்களும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடினார்கள். அக்கா தன் பெயரைப் பத்தாவதாக எழுதியிருந்தார். ஆயா வேலை பார்க்கும் அன்னக்கிளி அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நடக்காது, நீ மொதல்ல போம்மா" என்று மட்டையைக் கையில் திணித்துவிட்டார். அக்கா பதினோரு பந்து ஆடி ஒன்பது ரன் எடுத்தார். பத்தாவது ரன்னுக்குப் பாய்ந்து விழுந்து ரன் அவுட் ஆனார்.

மறுநாள் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையால் மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்குதுதான்" என்றார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "லேடீஸ் மேட்ச் திரும்ப எப்ப வைக்கிறாங்களாம்?"