சந்தனம் மாமாவும் ஃபாக்டரி அடுப்பும்

எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த சந்தனம் மாமாவை நினைத்தால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அன்று எழுந்த சிரிப்பு இன்றும் காதில் கேட்கிறது. தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. குழந்தை இல்லையென்று மாமாவின் மனைவி ராஜேஸ் அத்தையை விலக்கிவிட்டு, மடுல்சீமையில் வேறு பெண் கட்டிவைக்க அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் மாமாவையும் அத்தையையும் சோதித்த மறுநாள், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் முன்னாலேயே மாமா தன் அம்மாவிடம் சொன்னார்.

“கொறை என்கிட்டம்மா. ஆம்பளைக்கு விதை ஒடம்புக்கு வெளிய இருக்கிறதே சூடு படாம இருக்கத்தானாம். நான் அடுப்பு வாயிலேயே நிக்கிறேன். உயிரணு கொறைஞ்சிருக்கு.”

“அடேய், மானம் போவுதுடா!”

“போகட்டும். அடுப்ப விட்டுட்டு வெளிய மலையில தேயிலக் காட்டு வேலைக்கு மாறிட்டேன்.”

“காத்து வாங்கவா, அண்ணே?” என்றாள் ஒருத்தி.

“ஆமா தங்கச்சி, டாக்டரே சொல்லிட்டாரு!”

பீலிக்கரையே சிரித்தது. வரிசையில் நின்ற அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் அம்மா பெண் பார்க்க மடுல்சீமை பஸ் ஏறவில்லை.