எண்ணெய் போடாத கதவு

எங்கள் அண்ணிக்கு இந்தத் தெரு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் மாடியில் எந்த வீடு என்று யாராவது கேட்டால், "தூங்குமூஞ்சி வீடா, இந்தப் பக்கம்" என்று கை காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவர் தூங்கினார் என்பது பொய்யில்லை. கடை வரிசையில் நின்றபடியே தூங்குவார். பேருந்தில் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தட்டி எழுப்புவார். தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை பார்த்தார். ஒருநாள் மெஷின் மேலேயே கண் சொருகி, சட்டையின் முன்பக்கம் விழ வேண்டிய காஜா முதுகில் விழுந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை பொறுத்தார். அப்புறம், "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்கம்மா, இங்க வரவேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அதையும் தெரு சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் என் அண்ணன்தான். அவன் பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாரம் கட்டி அடிப்பவன். பத்தாம் மாடி உயரத்தில் மூங்கில் மேல் நின்றுகொண்டு ஒரு கையால் பீடி பற்ற வைப்பான். நல்லவன்தான், அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படாதவன், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. காலையில் எழுந்து, கையை நெட்டி முறித்து, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்பான். அடுப்பங்கரையில் கண் சிவந்து நிற்கும் அண்ணியைப் பார்த்து, "மகாராணிக்கு ராத்திரி முழுக்கத் தூங்கியும் பத்தலையா?" என்பான்.

"ஆமா, பத்தலை" என்று அண்ணி டீயை நீட்டுவார். அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கணவர் போன பிறகு நான் தனியாக இருக்கிறேன். அந்த வீட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தால் ஆட்டை அறுக்கிற மாதிரி கத்தும். "கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க அண்ணி, புண்ணியமாப் போகும்" என்று நானே எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். அண்ணன் எண்ணெய் டப்பாவைக் கையில் எடுத்தால், "நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொள்வார். பார்த்துக்கொள்ளவே மாட்டார். வீட்டுச் சாவி வேறு தினமும் தண்ணீர் வாளிக்குள் கிடக்கும். தூக்கக் கலக்கத்தில் போட்டுவிடுகிறாள் என்று அண்ணன் அதற்கும் சிரிப்பான்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்கு நெஞ்சில் வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் என்றார்கள். மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்குத் துணையா இன்னிலேர்ந்து நீ போய்ப் படுத்துக்கணும்மா. அந்த வீட்லதான். பால்கனிப் பக்கம் பாயைப் போட்டுக்கோ."

"எதுக்கு அண்ணி? அவன் என்ன குழந்தையா?"

"அவருக்குத் தூக்கத்துல நடக்கிற வழக்கம் இருக்கு. கல்யாணமான நாள்லேர்ந்து இருக்கு."

அண்ணி மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் தூக்கத்தில் எழுந்து வேலைக்குப் போகிறானாம். பால்கனி அவனுக்குச் சாரம். கைப்பிடிச் சுவரில் காலைத் தூக்கி வைத்து ஏறப் பார்ப்பான். காலையில் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. முதல் தடவை அண்ணி பிடித்து உலுக்கினாராம். அலறி எழுந்து, யாரென்று தெரியாமல் ஓங்கி அடித்ததில் அண்ணிக்கு முன்பல் போயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எங்களிடம் சொன்னார். நின்றுகொண்டே தூங்கி விழுந்துவிட்டாள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னான். பால்கனிக் கதவைப் பூட்டிப் பார்த்தாராம். ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தினான். அதற்கப்புறம் பூட்டவில்லை. கதவு கத்தினால் போதும், எழுந்துவிடலாம் என்று எண்ணெய் போடாமல் விட்டார். வாசல் வழியாக வேலைக்குக் கிளம்பினாலும், சாவியை எடுக்க வாளிக்குள் கை விட்டால் குளிர்ந்த தண்ணீர் பட்டுத் தயங்கி நிற்பான், அதற்குள் அண்ணி பக்கத்தில் போய்விடலாம்.

"எழுந்து போய் என்ன பண்ணுவீங்க?"

"தொடக் கூடாது. கொஞ்சம் பக்கத்துல நின்னு, மேஸ்திரி சொல்ற மாதிரி சொல்லணும். 'இன்னிக்கு வேலை முடிஞ்சுது. இறங்கு. வீட்டுக்குப் போ.' பேசாம வந்து படுத்துப்பார்."

சொல்லும்போது அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளில் அண்ணனிடம் அவர் ஒருமையில் பேசியது அந்த மூன்று வாக்கியத்தில் மட்டும்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷமா மூச்சு விடாம இருந்தீங்களே. அவன்கிட்ட சொல்லியிருந்தா என்ன? ஊரே உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொல்லுது. அவனும் சேர்ந்து சொல்றான்."

"சொன்னா நாளைக்குச் சாரத்துல ஏறும்போது அந்த நினைப்பு வரும். கால் நடுங்கும். நடுங்குற காலோட மேல நிக்க முடியுமா? பேரு என்ன பெரிய பேரு, சொல்லிட்டுப் போகட்டும்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் வீட்டில் படுத்தேன். "தனியா பயமா இருக்குண்ணே" என்று காரணம் சொன்னேன். கதவு கத்தியபோதெல்லாம் எழுந்து, அவன் சுவருக்குப் போவதற்கு முன்பே மேஸ்திரி வாக்கியத்தைச் சொல்ல ஓடினேன். என்னைக் கண்டதும் அவனாகவே திரும்பிவிட்டான். சொல்லத் தேவையே வரவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அண்ணி வீட்டுக்கு வரும் நாளைக் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. வீடு முழுக்க வெள்ளை அடித்தான். சாவிக்கு ஆணி அடித்து மாட்டினான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அன்று சாயங்காலம் அண்ணிக்கு மூச்சு திணறியது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். என் கண்ணெதிரிலேயே அண்ணி போய்விட்டார்.

அண்ணன் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. சுவரில் இன்னும் ஈரம் காயாத அந்த வீட்டில் உட்கார்ந்து, "அவ வந்து நிம்மதியாத் தூங்கணும்னு பாத்துப் பாத்துச் செஞ்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சுண்ணாம்பைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

துக்கத்துக்கு வந்த எல்லோரும் போன அன்று இரவு பாயைப் போட்டுப் படுத்தேன். கதவு கத்தவில்லை. முகத்தில் ஈரக் காற்று அடித்துத்தான் விழித்தேன். பால்கனிக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. கீலில் எண்ணெய் பளபளத்தது. அண்ணிக்குத் தூக்கம் கெடக் கூடாதென்று அவனே போட்டிருக்கிறான்.

வெள்ளை அடிக்கப் போட்டிருந்த ஸ்டூலில் அவன் ஏறி நின்றிருந்தான். ஒரு கால் கைப்பிடிச் சுவர் மேல். பக்கத்தில் போய் நின்று, குரலைக் கனமாக்கிச் சொன்னேன்.

"இன்னிக்கு வேலை முடிஞ்சுது. இறங்கு. வீட்டுக்குப் போ."

அவன் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அடுத்த காலையும் தூக்கினான். திரும்பாமலே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்:

"அவ சொல்லட்டும். அவ சொன்னாத்தான் இறங்குவேன்."

அட பாவி. மேஸ்திரி என்று நினைத்து ஒருநாளும் அவன் இறங்கவில்லை. இத்தனை வருஷமும் அண்ணியின் குரலுக்குத்தான் இறங்கியிருக்கிறான். அது தெரியாமலே அந்தப் புண்ணியவதி குரலை மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறார். அவரை நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்? எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் விழித்துவிடுவான். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணி தூங்குறாங்கண்ணே. இப்பத்தான் கண்ணசந்தாங்க. சத்தம் போடாம இறங்கு."

அவன் காலைக் கீழே எடுத்தான். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினான். நுனிக்காலில் நடந்து உள்ளே வந்து, கதவை மெல்லச் சாத்தினான். கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒடுங்கிப் படுத்துக்கொண்டான். மறுபக்கத்தை விட்டுவைத்தான்.

காலையில் அவனுக்கு எதுவும் நினைவில்லை. நான் தினமும் அந்தக் கீலில் உப்புத் தண்ணீர் ஊற்றி வருகிறேன். துரு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. நேற்று அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். அண்ணன் வந்து தோளைத் தட்டினான்.

"என்ன, உங்க அண்ணி வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆமாண்ணே" என்றேன்.