குழாய்க்கு வெட்டிய சேவல்

இது நடந்தது. காற்றுவாக்கில் வந்த கதை அல்ல. கோயமுத்தூரின் வடக்குப் பக்கத் தெரு ஒன்றில், ஒரு வீட்டுக் கொல்லையில், சிமெண்டு போட்டு மூடிய சதுரம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. அதன்மேல் யாரும் துணி துவைப்பதில்லை. கோழிகூட ஏறி நிற்பதில்லை. அந்த வீட்டில் குடியிருந்த குழந்தையம்மாளுக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் பகலில் படிக்கலாம். ஆனால் ஒன்று... இது நடந்ததும் பகலில்தான்.

1933ஆம் வருஷம். சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டுக் காத்திருக்க, குழந்தையம்மாள் வீட்டுக் கொல்லையிலேயே பித்தளைக் குழாய் இருந்தது. அவள் புருஷன் செங்கோட்டையன் குழாய் பதிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. கை நீளமான மனிதன். ஆட்களை அடிப்பான், மாட்டை அடிப்பான், அவளையும் அடிப்பான். தவழ்கிற வயசில் இருந்த பையன் தம்பிதுரையின் மேல் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை.

அவள் பிரசவத்துக்காகக் காரமடையில் தாய்வீட்டில் இருந்தபோது பதித்த குழாய் அது. அதற்குப் பள்ளம் தோண்டிய மயில்சாமி என்ற கூலியாள் வேலை முடிந்த அன்றே காணாமல் போனான். அவன் பெண்சாதி அதற்கப்புறமும் வாசலில் வந்து வந்து நின்றாள். வால்பாறை எஸ்டேட்டுக்கு ஓடிவிட்டான் என்று சொல்லி அவளைத் துரத்தினான் செங்கோட்டையன். தன்னுடைய பெரிய ரிஞ்சையும் அவன்தான் திருடிப் போனதாகச் சொன்னான். ரிஞ்சு என்றால் பைப்பைக் கடித்துப் பிடித்துத் திருப்பும் கனத்த இரும்பு. அடையாளத்துக்கு அதன் பிடியில் அரத்தால் மூன்று வெட்டுப் போட்டு வைத்திருந்தான். பிறகு சின்னதாக வேறொன்று வாங்கிக்கொண்டான்.

குழந்தையம்மாள் பிறந்த வீட்டில் புதுக் கிணறு வெட்டினால் சேவல் அறுத்து ரத்தம் காட்டிய பிறகுதான் தண்ணீரில் வாய் வைப்பார்கள். இந்தக் குழாய்க்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே என்று அவளாகவே ஒரு செஞ்சேவலை அறுத்துக் குழாயடியில் ரத்தம் விட்டாள். தோட்டத்துக் கிணற்றில் ஊறுவது அந்த மண்ணின் தண்ணீர். அங்கே ரத்தம் வாங்கிக்கொள்ளச் சாமி இருக்கும். இது எங்கேயோ மலையிலிருந்து இரும்புக்குள் வருகிற தண்ணீர். இங்கே வாங்கிக்கொள்ள யார் இருப்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் குழாய் சொட்டத் தொடங்கியது.

முதலில் அவள் பெரிதாக நினைக்கவில்லை. உள்ளே இருக்கும் தோல் வாசர் தேய்ந்தால் குழாய் ஒழுகும். செங்கோட்டையன் புதுத் தோல் வெட்டிப் போட்டான். மறுபடியும் சொட்டியது. வேறு தோல் போட்டான். அதற்கும் சொட்டியது. பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் மதில்மேல் கையூன்றிச் சிரித்தாள்.

"ஏம்மா குழந்தை, ஊருக்கெல்லாம் பைப்பு போடுற மேஸ்திரி ஊட்டுக் கொழாய்க்குச் சளியா? நாளெல்லாம் மூக்கு ஒழுகுதே."

அது செங்கோட்டையன் காதில் விழுந்தது. சாஜிதா பேகத்தை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தையம்மாளின் உதடு கிழிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் சிலதைக் கவனித்தாள். சொட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கோழிகள் அதைக் குடிக்கவில்லை. அவன் வேலைக்குப் போனதும் குழாய் காய்ந்து கிடக்கும். அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும்... சொட்... சொட்...

மண்ணுக்குள் பைப்பு தட்டும் சத்தமும் வந்தது.

டங். டங். டங்.

கொஞ்சம் நிறுத்தம். யாரோ குனிந்து பார்ப்பதுபோல.

பிறகு இன்னொன்று. டங்.

எப்போது கேட்டாலும் அதே கணக்குதான். மூன்று... நிறுத்தம்... ஒன்று. அவனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. பிறகு அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். சேவலைப் பற்றியும் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்குத்தான் அதைச் சொன்னான்.

"நீ வந்துதான் இந்தச் சனியனை இழுத்து உட்டுட்ட. நாளைக்கு நான் சோத்துக்கு வாரப்ப அது சொட்டுச்சுன்னா, நீ காரமடைக்கு நடையைக் கட்டு. பையன் இங்கயே இருக்கட்டும்."

சொன்னால் செய்கிறவன். ராத்திரி முழுக்கப் பையனை மார்போடு அணைத்தபடி அவள் தூங்காமல் கிடந்தாள். இந்த மனிதனிடம் தனியாக விட்டால் பிள்ளை என்ன ஆகும்? கொடுத்தது போதவில்லை, அதனால்தான் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் அவன் போனதும் கருஞ்சேவலைப் பிடித்தாள். குழாயடிக் கல்லில் வைத்துக் கழுத்தை அறுத்தாள். வாய்விட்டு வேண்டினாள்.

"சாமி, நீ யாரா இருந்தாலும் சரி. இந்தச் சொட்டு நிக்கோணும். என்ற பையனைத் தவுத்து எது வேணுமோ எடுத்துக்க."

ரத்தம் கல்லில் வழியவில்லை. விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கியது. குடித்ததுபோல.

சேவலைக் குழம்பு வைத்தாள். இறகையெல்லாம் வாரி அடுப்பில் போட்டு எரித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. வாசலில் செருப்புச் சத்தம்.

சொட்.

அவன் சாப்பிட உட்காரவில்லை. தெருவுக்குப் போய் வால்வை அடைத்துவிட்டு வந்தான். ரிஞ்சோடு கொல்லைக்கு நடந்தான். தொட்டிலில் பையன் அழுதான்.

"அவனை ஆத்து. இத முடிச்சுப்போட்டு உனக்கு வாரேன்."

அவள் உள்ளே போய்த் தொட்டிலை ஆட்டினாள். தாலாட்டுப் பாடினாள். வெளியே மரை கழலும் கிறீச்... கிறீச்...

நின்றது.

"யாரு?" என்றான் செங்கோட்டையன்.

ரிஞ்சு கை நழுவி மண்ணில் விழும் சத்தம்.

"கையை எடு."

அவன் யாரிடமும் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கெஞ்சுகிற குரல் அது.

"மயிலு... கையை எடு..."

அவள் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயந்தாள்.

டங்.

டங்.

டங்.

நிறுத்தம்.

பையன் அழுகையை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தான்...

டங்.

நான்காவது சத்தத்தில் இரும்பு ஒலிக்கவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல இருந்தது.

அவள் கதவைத் திறந்தாள்.

கொல்லையில் யாரும் இல்லை. படல் உள்பக்கம் கட்டியபடியே இருந்தது. செங்கோட்டையன் குழாயைக் கட்டிப்பிடித்தபடி முகங்குப்புறக் கிடந்தான். பின்மண்டை உள்ளே போயிருந்தது. புது வாசர் போட்டு, குழாய் கச்சிதமாக முடுக்கியிருந்தது.

ஒரு சொட்டு இல்லை. பிறகு தெரு வால்வைத் திறந்தபோதும் இல்லை.

போலீஸ் வந்தது. அவள் கிழிந்த உதட்டையும் தலைக் காயத்தையும் பார்த்து அவளைத்தான் சந்தேகித்தது. சாஜிதா பேகம் அந்த நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள். குழந்தையம்மாள் உள்ளே தாலாட்டுப் பாடியது கடைசிவரை தன் காதில் கேட்டது என்று அடித்துச் சொன்னாள். கிடந்த சின்ன ரிஞ்சில் ரத்தமும் இல்லை, காயத்துக்கு அது பொருந்தவும் இல்லை. அடித்த ஆயுதத்தை எங்கேயாவது புதைத்திருப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் குழாயடியைத் தோண்டச் சொன்னார்.

மண் பாறையாக இறுகியிருந்தது. வெகுநாளாக யார் கையும் படாத மண் என்றார்கள் தோண்டியவர்கள். இடுப்பளவு ஆழத்தில், பைப்புக்கு அடியில், ஒரு எலும்புக்கூடு. மண்டையின் பின்பக்கம் ஒரே அடியில் உள்ளே போயிருந்தது. டாக்டர் இரண்டு மண்டைகளையும் ஒத்துப் பார்த்தார். அதே இடம். அதே வடிவம்.

பக்கத்தில் பெரிய ரிஞ்சு கிடந்தது. பிடியில் மூன்று வெட்டு.

அந்த ஆழத்தில், அந்த இறுகிய மண்ணுக்குள், ரிஞ்சின் வாயில் ரத்தம் இன்னும் காயவில்லை. செங்கோட்டையனின் நரைமுடி ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

குழந்தையம்மாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். மற்றவர்கள் ரிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தது எலும்புக் கையை. மூடியிருந்தது அது. விரல்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

சேவல் இறகு. கை நிறைய. அன்று காலையில் அவள் எரித்துச் சாம்பலாக்கிய கருஞ்சேவலின் இறகு.

ஒன்றில்கூட மண் ஒட்டவில்லை.