பிலோமிக்கு அன்று காய்ச்சல்

போன வாரம் அவிசாவளையில் மருமகளுக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் மணம் குப்பென்று அடித்தது. செருப்பைக் கையில் எடுத்து முகர்ந்துகொண்டே நின்றுவிட்டேன்.

"அளவ பாருங்கம்மா, மணத்த பாத்து என்ன செய்ய?" என்றார் அவர்.

எனக்கு அந்த மணம் என்றால் கிட்டார். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் விஷயம் இதுதான். தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை ஓய்ந்தால்தான் அதிசயம். கிட்டார் பலகை ஈரம் குடித்து உப்பிவிடும், ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்குப் புகைக்கூட்டில் வேலை. ரப்பர் சீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைக்கும் கட்டடம் அது. அதன் வெளிச்சுவரில் இரண்டு ஆணி அடித்து எங்கள் இரண்டு கிட்டாரையும் மாட்டிவைத்தார். அதன்பிறகு ஈரம் அண்டவில்லை, ரப்பரும் புகையும் கலந்த மணம்தான் ஏறிவிட்டது. எந்த ஊரில் வாசிக்கப் போனாலும் முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்கே கருகுகிறது என்று தேடுவார்.

ஒரு கிட்டார் மாதா கோயிலுடையது, நாங்கள் அங்கே பாடகர் குழுவில் இருந்தபோது எங்களிடம் வந்து சேர்ந்தது. மற்றது என் சீதனம். மாவனல்லைப் பக்கம் எங்கள் வீட்டில் பீரோ கொடுக்க வழியில்லாமல், "பிள்ள நல்லா வாசிக்கும்" என்று அப்பா இதைக் கொடுத்து அனுப்பினார். மாமியார் வெகுநாள் வரை அதைப் பீரோ என்றுதான் சொல்வார். "ஒம் பீரோவ எடுத்து ஓரமா வையி."

எங்கள் இருவரில் மற்றவள் பிலோமி, என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், நான் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயா. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அவளுக்கு அன்றைய பெயரும் இல்லை. பெயர் என்றால் ஒருநாள் வேலை. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் கிட்டாரோடு உட்கார்ந்திருப்போம்.

வாசித்தது என்ன என்றா கேட்கிறீர்கள்? கித்துல்கலையில் படகோட்டிக்கொண்டிருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர், சுற்றுலா வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனதாகச் சொல்லி ஒரு கேசட் கொண்டுவந்தார். ஆற்றில் நனைந்து மேலே இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. இரண்டு பேர், இரண்டு கிட்டார், வேறு ஒன்றும் இல்லை. ஒன்று காட்டுவழியில் நடந்துபோவது மாதிரி, மற்றது அதன் காலைத் தட்டிவிட்டுச் சிரிப்பது மாதிரி. அது ப்ளூஸ், ரேக்டைம், பழைய ஜாஸ் என்பதும், அமெரிக்காவில் பருத்திக்காட்டில் முதுகொடிந்த கறுப்பு மக்களிடமிருந்து வந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். ரயில் மேடேறுவது மாதிரி இருந்ததற்கு 'கோச்சி ஏறுது', பிறகு 'மாமியா சண்டை', 'எட்டு மணி பஸ்ஸு'. 'மாமியா சண்டை' பெயரை மட்டும் வீட்டில் சொல்வதில்லை.

ரேக்டைமில் கட்டைவிரல் ஒரு வேலையும் மற்ற விரல்கள் வேறு வேலையும் செய்ய வேண்டும். எனக்கு ஆறு மாதம் வரவே இல்லை. பிலோமிக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை அல்லவா? கட்டைவிரல் கடிகாரம் மாதிரி போகும்.

லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. பேட்டரியில்தான் கேசட் ஓடும், பேட்டரி தீரத்தீரப் பாட்டும் மெதுவாகி இறங்கும். நாங்கள் கற்றதெல்லாம் தீர்ந்த பேட்டரியில். பிறகு கித்துல்கலையில் ஒரு விடுதியில் அதே கேசட்டைப் பெரிய மெஷினில் போட்டபோது பாட்டு தலைதெறிக்க ஓடியது. "மெஷின் கெட்டுப்போச்சு" என்று நான் வெகு நம்பிக்கையாக விடுதி மேனேஜரிடம் சொன்னேன்.

அந்த மேனேஜர்தான் எங்களை முதலில் வெளியே வாசிக்கவைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் நாடு முழுக்க மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். பெரிய பேண்ட் கோஷ்டிகள் எல்லாம் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். எங்களுக்குத்தான் கரண்டே வேண்டாமே! ருவன்வெல்லவில் கல்யாணம், இரத்தினபுரியில் பிறந்தநாள், கேகாலையில் பள்ளிக்கூட விழா. இரண்டு பேரும் கிட்டாரைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைந்தோம். "பிஸ்ஸுங்க ரெண்டும்" என்று லயத்தில் சொன்னார்கள், பிஸ்ஸு என்றால் பைத்தியம்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோட்டங்களை நடத்தும் துரைமாரின் கிளப்பில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெறப்போகும் ஒரு பெரியதுரைக்கு விருந்து. விடுதி மேனேஜர் போனில் பேசி முடித்தது, நாங்கள் எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்கவில்லை. நான் இன்னொரு ஆயாவிடம் சொல்லி முறையாக லீவு வாங்கினேன். பிலோமிக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கு முன்பே இரண்டு தடவை காய்ச்சல் என்று சொல்லி வாசிக்க வந்திருந்தாள். "இன்னொரு காய்ச்சல் வந்தா பேர வெட்டிருவேன்" என்று வேலைக்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை எச்சரித்திருந்தார். வேலை போனால் மாமியார் இருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும், அது பிலோமியின் பெயரில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அன்றும் காய்ச்சல் என்றே சொல்லியனுப்பிவிட்டு வந்தாள்.

கிளப்புக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே எங்கள் துரை.

அவர் எழுந்து கிட்டே வந்தார். சிங்களவர், தமிழ் ஒருமாதிரி பேசுவார். "நீ மூணாம் டிவிசன் பிலோமினா தானே? காலைல காய்ச்சல்னு சொன்னது?"

எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது.

"ஆமாங்க தொர, காய்ச்சல்தான்" என்றாள் பிலோமி. "காய்ச்சலோடதான் வாசிக்கப் போறேன்."

அவர் திரும்பி நடந்தார். போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் 'கோச்சி ஏறுது' தொடங்கினோம். முதல் வரியில் நான் இரண்டு இடத்தில் தாளம் தப்பினேன். பிலோமி தப்பவே இல்லை. அவளுடைய கட்டைவிரல் என்னையும் இழுத்துக்கொண்டு மேடேறியது. மூன்றாவது பாட்டுக்கு மேசைக்குக் கீழே சப்பாத்துகள் தாளம் போட்டன. ஆறாவது பாட்டு முடிந்தபோது கைதட்டல் நிற்கவில்லை. எங்கள் துரையின் மனைவி, துரைசானியே எழுந்து இன்னும் ஒன்று வேண்டும் என்றார்.

பிலோமி கிட்டாரை மடியில் படுக்கவைத்தாள். பிறகு தமிழில் பேசாமல், மண்டபம் முழுக்க விளங்கட்டும் என்று சிங்களத்தில் துரையைப் பார்த்துச் சொன்னாள்:

"வாசிக்கிறோம் தொர. ஆனா திங்கக்கிழம பெரட்டுல என் பேர் இருக்கணும்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். துரையின் காது சிவந்தது. ஓய்வுபெறப்போகிற பெரியவர்தான் முதலில் சிரித்தார். "பேரைக் கொடுத்துவிடும் ஐயா, எனக்குப் பாட்டு வேண்டும்" என்றார். எல்லோரும் எங்கள் துரையையே பார்த்தார்கள்.

"இருக்கும்" என்றார் அவர்.

"அண்ணி பேரும்" என்றாள் பிலோமி. என் பெயருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இருந்தாலும் சேர்த்துவிட்டாள்!

கடைசிப் பாட்டுக்கு அவளே கட்டிய சொற்கள் இருந்தன. அதுவரை வெளியே பாடியதில்லை.

"காலையில மழ வந்தா பேரு இல்ல,
காலையில மழ வந்தா பேரு இல்ல,
பேரு இல்லாட்டி எம் புள்ளைக்குச் சோறு இல்ல."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள். தட்டோடு அப்படியே நின்றார்கள். குசினிக் கதவு திறந்து சமையல்காரரும் வந்தார். அடுத்த சுற்றில் அவர்களும் சேர்ந்து பாடினார்கள், துரைமாருக்கு நடுவில், தட்டைக் கையில் பிடித்தபடி. நான் அழுதுகொண்டே வாசித்தேன், ஆனால் அந்தப் பாட்டில் ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைக்காம்பரா திறக்கும் முன் நானும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் தொண்டையைச் செருமினார். "பிலோமினா!"

"இருக்கேன்!" அந்தச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பெண்கள் எல்லாம் குலவை போட்டார்கள். கலைந்து போகும்போது கணக்கப்பிள்ளை எங்களை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் எம் மக கல்யாணம். கரண்டு இருக்குமோ என்னமோ... நீங்க ரெண்டு பேரும் வந்து..."

"அன்னைக்கி எனக்கு காய்ச்சல் வராம இருந்தா வாறேங்க" என்றாள் பிலோமி.

அதன்பிறகு பத்து வருஷத்துக்கு மேல் வாசித்தோம். கண்டிவரை, கொழும்புவரை போனோம். பிறகு விடுதிகளுக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் வந்தன. யாரும் எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடுவதுதான் நின்றது. இப்போது எங்கள் மலையில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்திருக்கிறார்கள். கிளப் கூரை இறங்கிக் கிடக்கிறது. இளம்பிள்ளைகள் கார்மென்ட் தொழிற்சாலை பஸ்ஸில் அவிசாவளைக்குப் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை. அத்தனை வருஷத்தில் எங்கள் வாசிப்பை ஒருவரும் பதிவு செய்யவில்லை. ஒரு துண்டு கேசட்கூட இல்லை. ருவன்வெல்லவில் இருக்கும் பிலோமி போன ஞாயிற்றுக்கிழமை போனில் திடீரென்று கேட்டாள்.

"அண்ணி, நெசமாவே நாம நல்லா வாசிச்சோமா? இல்ல நாமளா நெனச்சிக்கிட்டோமா?"

"நாம வாசிச்ச மாதிரி இந்தப் பக்கத்துல ஒருத்தரும் வாசிக்கல" என்றேன்.

அதற்கு எங்களைவிட்டால் வேறு சாட்சி இல்லை.